போகன்வில்லா மதில் முழுக்கப் படர்ந்தும் பூக்கவில்லையே, ஏன்?

மட்டக்களப்பு கல்லடியில் மதிலோரம் வைத்த போகன்வில்லா 2 வருஷமாகப் படர்ந்தே போகிறது, பூவைக் காணோம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தண்ணியைக் குறையுங்கள். தினமும் ஊற்றினால் அது இலையாகத்தான் தள்ளும். மேல்மண் 2 அங்குலம் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். நம் கடற்கரை மணலில் தண்ணி தேங்காது, அது இந்தக் கொடிக்குப் பெரிய வாய்ப்பு. யூரியா வேண்டவே வேண்டாம். நாளுக்கு 6 மணித்தியால வெயில் கட்டாயம்; வேப்பங்கொப்பு மறைத்தால் அதைத் தறித்துவிடுங்கள். மாரி ஓய்ந்ததும், தை மாசியில், நீண்ட கொப்புகளைத் தயங்காமல் வெட்டுங்கள், புதுத் தளிரில்தான் பூ வரும். முள் பொல்லாதது, தடித்த கையுறை போடுங்கள். பூத்ததும் ஒருக்கால் கிட்டப் போய்ப் பாருங்கள்: நிறமாகத் தெரிவது இதழ் அல்ல, இலைதான். அதற்கு நடுவே சின்னக் குழல்போல மூன்று வெள்ளைப் பூக்கள் இருக்கும்.