பதில்: 6 சிநாட்டுக்கு 12 பின்னல் ஜோடியா?

தம்பி, நானும் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பக்கம்தான், இணைய லைன் இழுத்துக்கொண்டே இருந்ததில் உங்கள் சர்க்யூட் படம் திறக்கவே நேரமாகிவிட்டது. இரண்டு குவாண்டம் கணினிகளுக்கு இடையே 6 சிநாட் (கட்டுப்பாட்டு கியூபிட், அதாவது குவாண்டம் பிட், 1 என்றால் இலக்கு கியூபிட்டைப் புரட்டும் கேட்) போட 12 பின்னல் ஜோடி (கணினிக்கு ஒன்றாகப் பிரித்து வைத்த, ஒன்றோடொன்று பின்னிய இரு கியூபிட்) வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டுப்பாட்டு கியூபிட் 'அ' ஒரு கணினியில், இலக்கு கியூபிட் ஆறும் மற்றதில். ஒவ்வொரு சிநாட்டுக்கும் 'அ'வை டெலிபோர்ட் செய்து (ஒரு ஜோடியும் 2 பிட்டும் செலவழித்து அதன் நிலையை மறுபக்கம் மாற்றி) திரும்ப அழைக்கிறீர்கள், அதனால்தான் 12 ஜோடி, 24 சாதாரண பிட். குலைக்கு ஒரு லோரி விட்டால் எந்தச் செம்பனைத் தோட்டம் தாங்கும்?

'அ'வை நகர்த்தவே வேண்டாம். ஒரே ஜோடி எடுங்கள். 'அ'விலிருந்து அதன் இந்தப் பக்கப் பாதிக்குச் சிநாட் போட்டு, பாதியை அளந்து, பிட்டை அனுப்புங்கள், 1 என்றால் அங்குள்ள பாதிக்கு எக்ஸ் (0, 1-ஐப் புரட்டும் கேட்). இனி அதுவே கட்டுப்பாட்டு கியூபிட், ஆறு சிநாட்டும் அங்கேயே முடியும். அப்புறம் அதற்கு ஹாடமார்ட் (0, 1-ஐச் சம கலவையாக்கும் கேட்), அளவீடு, பிட் இங்கே வரும், 1 என்றால் 'அ'வுக்கு இசட் (1-இன் குறியை மட்டும் மாற்றும் கேட்). மொத்தம் 1 ஜோடி, 2 பிட்.

ஆனால் இடையில் 'அ'மேல் ஹாடமார்ட் வந்தால் அதற்கு முன்பே இந்தச் சுற்றை முடித்துவிட்டு, பிறகு புது ஜோடிதான். இசட் சுழற்சி என்றால் பரவாயில்லை, அது 0, 1-ஐக் கலக்காது. தனி சிநாட்டுக்கு 1 ஜோடி, திசைக்கு 1 பிட். அதற்குக் கீழே போக முடியாது என்று 2000-லேயே நிறுவிவிட்டார்கள், அதில் மண்டையை உடைக்காமல் கேட் வரிசையை மாற்றிப் பாருங்கள்.