பழைய காருக்கு வீட்டோடு ஒரு கராஜ்: கேள்வி பதில்

பழைய கார்களைப் பிரித்துக் கோப்பதும், அந்த வேலைக்கான கராஜ்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதும் என் தொழில். வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். கட்டட அனுமதி, மதில் சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளி, செலவு எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அவற்றை உங்கள் பகுதிப் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு கார்தான். 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம் போதுமா?

நிறுத்தி வைக்க மட்டும் என்றால் போதும். வேலை செய்யப் போதாது. காரின் அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கதவை முழுக்கத் திறந்துவிட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கீல் திருகைக் கழற்றும் ஆளை வைத்துப் போடுங்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 4.08 மீட்டர் நீளம், 1.54 மீட்டர் அகலம்தான். அதற்கே நான் 4.5க்கு 7 மீட்டர் கேட்பேன். 1959 காடிலாக் போல 5.7 மீட்டர் நீளமுள்ள வண்டி என்றால் 8 மீட்டருக்குக் குறைய வேண்டாம்.

உங்கள் காரின் இன்ஜின் எந்த வழியாக வெளியே வரும் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான கார்களில் முன்பக்கம் மேலே தூக்கி எடுக்கிறோம். தூக்கும் கிரேன் நிற்க பம்பருக்கு முன்னால் 2 மீட்டர் வேண்டும். பீட்டிலில் இன்ஜின் பின்னால் இருக்கிறது, கீழ்வழியாக இறங்கும். ஜாகுவார் இ-டைப், டிரையம்ஃப் ஹெரால்டு போன்றவற்றில் மூக்குப் பகுதி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். சுவரை ஒட்டி நிறுத்தினால் பானெட்டே திறக்காது. கட்டுவதற்கு முன் வெறும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, காரை உள்ளே விட்டு, எல்லாக் கதவையும் திறந்து பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் பல தப்புகளைக் காட்டிக்கொடுக்கும்.

வாசல் அகலம் 2.7 மீட்டர் வையுங்கள்.

கேள்வி: பின்னாளில் காரைத் தூக்கும் லிஃப்ட் வைக்க ஆசை. இப்போது கூரையை எவ்வளவு உயரத்தில் போட?

கார் 1.5 மீட்டர் உயரம், அதன் அடியில் நீங்கள் நிமிர்ந்து நிற்க 1.8 மீட்டர், அதோடு லிஃப்டின் கை. ஆக 3.4 மீட்டர் ஆகிவிட்டது. இரண்டு தூண் லிஃப்டில் மேலே குறுக்குச் சட்டம் உள்ள வகை என்றால் 3.6 மீட்டருக்கு மேல் வேண்டியிருக்கும். வாங்கப்போகும் லிஃப்டின் அளவுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கார் நிறுத்தும் நான்கு தூண் லிஃப்டுக்கு இதைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கலாம்.

மேலே மடங்கிப் போகும் கதவு போட்டால் அதன் தண்டவாளம் தூக்கிய காரின் கூரையில் இடிக்கும். தண்டவாளத்தை உச்சிவரை ஏற்றிப் போடச் சொல்லுங்கள். விளக்கையும் காரின் நேர் மேலே மாட்டாதீர்கள்.

கேள்வி: தரைக்கு எத்தனை அங்குல காங்கிரீட்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கார் நிற்க 100 மி.மீ. போதும். லிஃப்ட் தூண் நிற்கும் இடத்தில் 150 மி.மீ. வேண்டும்; கம்பெனி அதற்கு மேல் கேட்டால் அவர்கள் சொன்னதுதான் கணக்கு. இப்போது லிஃப்ட் வாங்காவிட்டாலும் அந்த இரண்டு இடங்களையும் ஆழமாகத் தோண்டிச் சேர்த்தே ஊற்றிவிடுங்கள். அங்கே தரைக்குள் குழாயோ வயரோ போகக் கூடாது. தரை கண்டபடி விரிசல் விடாமலிருக்கக் காங்கிரீட்டில் போடும் வெட்டு இணைப்பும் தூண் காலுக்கு அருகே வரக் கூடாது.

கனத்தைவிட முக்கியம் அடியில் இருப்பது. மண்ணை நன்றாக இடித்து இறுக்கி, ஜல்லி பரப்பி, அதன்மேல் தடித்த பாலித்தீன் விரிப்பு. விரிப்பின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று 15 செ.மீ.யாவது ஏறி, டேப் ஒட்டியிருக்க வேண்டும். இந்த விரிப்பை மிச்சம் பிடித்தால் மண்ணின் ஈரம் காலத்துக்கும் காரின் அடித்தட்டுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். தரை போட்ட பிறகு இதைச் சரிசெய்ய லேசான வழி கிடையாது.

ஊற்றியபின் 7 நாளாவது ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 28 நாள் ஆகும்வரை லிஃப்டுக்கு போல்ட் இறக்காதீர்கள். 2.5 முதல் 3 மீட்டருக்கு ஒரு வெட்டு இணைப்பு. வாசலை நோக்கி மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு. தூண்கள் நிற்கும் இடம் மட்டும் மட்டமாக இருக்கட்டும்.

கேள்வி: தரைக்கு எபாக்ஸி பெயிண்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம், தரை உலர்ந்திருந்தால். அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையோடு ஒட்டி, சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலைவரை, 16 மணி நேரமாவது விடுங்கள். காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர் இருந்தாலோ காங்கிரீட் கறுத்திருந்தாலோ அடிக்காதீர்கள். உலர்ந்திருந்தால் தரையின்மேல் படிந்திருக்கும் சிமெண்ட் பால் படலத்தை மெஷின் வைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு அடியுங்கள். வழவழப்பான தரையில் அடித்தால், ஓடி வந்த சூடான டயர் அதைத் தோலோடு உரித்துக்கொண்டு போகும்.

கேள்வி: லிஃப்டுக்கு உயரம் இல்லை. காருக்கு அடியில் குழி தோண்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தண்ணீரைப் போலத் தாழ்வான இடம் தேடிப்போய்த் தேங்கும். பழைய காரில் கார்புரேட்டரும் கசியும், ரப்பர் குழாயும் கசியும். எல்லாம் வந்து சேரும் இடம் நீங்கள் நிற்கும் குழி.

குழி கேட்ட நண்பர் மறுபடியும்: பஸ் டிப்போக்களில் காலங்காலமாகக் குழி இருக்கிறதே?

அங்கே நிற்பவை பெரும்பாலும் டீசல் வண்டிகள். டீசல் 50 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே விடும். இரண்டும் ஒன்றல்ல. டிப்போக் குழிக்கு இரண்டு முனையிலும் படி இருக்கும், பக்கத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். வீட்டுக் குழியில் ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் மட்டும் நிற்பீர்கள்.

வேறொருவர்: நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள். ஒரு சொட்டு பெட்ரோலால் என்ன ஆகிவிடும்?

கணக்கே போட்டுக் காட்டுகிறேன். 4 மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குழியில் 5,400 லிட்டர் காற்று. காற்றில் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்தால் தீப்பிடிக்கும். அதாவது ஏறக்குறைய 76 லிட்டர் ஆவி. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுக்க ஆவியானால் சுமார் 180 லிட்டர் ஆவி தரும். ஆக, அரை லிட்டருக்கும் குறைவான பெட்ரோல் மொத்தக் குழியையும் நிரப்பிவிடும். ஆவி சமமாகப் பரவாமல் அடியில்தான் படுக்கும் என்பதால், உங்கள் காலடிக்கு அதைவிடக் குறைவே போதும். பழைய ஃபில்டர் கிண்ணத்தையும் குழாயையும் கழற்றும்போது கொட்டுவது எவ்வளவு என்று ஒரு தடவை அளந்து பாருங்கள்.

இன்னொருவர்: குழிக்குள் மின்விசிறி வைத்து ஆவியை வெளியேற்றினால்?

சாதாரண மின்விசிறியின் மோட்டாரில் பொறி பறக்கலாம். ஆவியை அந்த மோட்டார் வழியாகவே இழுக்கப் போகிறீர்களா? வெடி ஆபத்துள்ள இடங்களுக்கென்றே செய்த விசிறியாக இருக்க வேண்டும். உறிஞ்சும் குழாய் குழியின் அடிமட்டத்திலிருந்து கிளம்ப வேண்டும்.

குழி கேட்ட நண்பர்: எங்கள் வீட்டில் ஏற்கெனவே குழி இருக்கிறது. பலகை போட்டு மூடியே வைக்கிறோம். அதற்காகத்தான் இவ்வளவு கேட்டேன்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஐயா. சரி. பலகை ஆவியைத் தடுக்காது. உள்ளே போனதை வெளியே விடாமல்தான் வைக்கும். நிலத்தடி ஈரமும் அங்கேதான் ஊறி, மேலே நிற்கும் காரின் அடித்தட்டைத் தின்னும். மணல் நிரப்பிக் காங்கிரீட் போட்டு மூடிவிடுங்கள். மனம் வராவிட்டால் இவற்றையாவது செய்யுங்கள்: குழியின் மேல் எரிபொருள் வேலை எதுவும் கூடாது. டேங்க், பம்ப், குழாய் எல்லாவற்றையும் வெளியே வெட்டவெளியில் கழற்றுங்கள். இறங்குவதற்குமுன் பலகைகளை எல்லாம் எடுத்து, அடிமட்ட உறிஞ்சியை ஓடவிடுங்கள். கையில் தொங்கும் சாதாரண பல்பு வேண்டாம், மூடி அடைத்த குறைந்த மின்னழுத்த விளக்கு வேண்டும். மேலே ஒரு ஆள் இருக்கட்டும்.

உயரம் இல்லாத கூரைக்கு நல்ல வழி, கத்தரி வகைக் குட்டை லிஃப்ட். ஒரு மீட்டர் தூக்கும், மடக்கினால் கார் அதன்மேலேயே ஏறி நிற்கும். பிரேக், சைலன்சர், கியர்பாக்ஸ் வேலை பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் நாலு நல்ல ஆக்ஸில் ஸ்டாண்டு, படுத்தபடி அடியில் போக உருளும் பலகை. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். அதையும் முட்டுக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மூன்றடி ஆழக் குழி என்றால் பரவாயில்லையா?

ஆழம் குறைந்தாலும் ஆவி தங்கும். குழி பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

கேள்வி: கராஜுக்குள்ளேயே இருந்தும் கார் துருப்பிடிக்கிறது. கவர் போட்டு மூடித்தான் வைக்கிறேன்.

என்ன கவர் என்று சொல்லவில்லை. பிளாஸ்டிக் என்றால் இன்றே எடுத்துவிடுங்கள். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியே போக வழியில்லை. மூச்சுவிடும் பருத்தித் துணிக் கவர் போதும்.

ஒரு ஈரப்பதமானி வாங்கி உள்ளே தொங்கவிடுங்கள். 60 சதவீதத்துக்கு மேல் போகப் போக இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். 50 வாக்கில் நிறுத்துங்கள். ரொம்பவும் குறைத்தால் தோல் சீட்டும் மரச் சட்டமும் வெடிக்கும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த காரின்மேல் காலையில் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டால் இரும்பு வியர்க்கும். ஆகவே எப்போதும் கதவைத் திறந்துவைப்பதும் மருந்தல்ல. வெளிக்காற்று உலர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துத் திறங்கள். தகரக் கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்பு போடாவிட்டால் கூரையே காரின்மேல் சொட்டும்.

புகைபோக்கி இல்லாத கெரசின் அடுப்பு வைத்து அறையைச் சூடாக்காதீர்கள். ஒரு லிட்டர் கெரசின் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும். கார்பன் மோனாக்சைடு வேறு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

இன்னொன்றும் பாருங்கள். அலமாரியில் தரை கழுவும் ஆசிட் பாட்டில் இருக்கிறதா? மூடி இறுக்கமாக இருந்தாலும் அதன் புகை கசியும். ஸ்பேனர், குரோமியம், பிரேக் டிஸ்க் எல்லாவற்றின் மீதும் பழுப்புப் படலம் ஏறும். அந்தப் பாட்டில் கராஜில் இருக்கவே கூடாது.

கேள்வி: தரைக்கு எந்த பெயிண்ட் நல்லது?

மேலே எபாக்ஸி கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: கம்ப்ரசர் காற்றுக்கு பி.வி.சி. குழாய் இழுக்கலாமா? மலிவு.

கூடாது. பி.வி.சி. அழுத்தத்தில் விரிசல் விடாது, சில்லுச் சில்லாக வெடித்துப் பறக்கும். தாமிரமோ அலுமினியமோ போடுங்கள். கம்ப்ரசரிலிருந்து விலகிச் செல்லச் செல்லக் குழாய் லேசாகச் சரியட்டும். ஒவ்வொரு கிளையையும் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்குங்கள். அப்போது குழாய்க்குள் சேரும் நீர் உங்கள் பெயிண்ட் துப்பாக்கிக்கு வராது. தாழ்ந்த முனையில் ஒரு வடிகால் குழாய்.

கேள்வி: மின் இணைப்பு எப்படி?

வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது: கம்ப்ரசருக்கும் வெல்டிங்குக்கும் தனித்தனி லைன், பிளக் பாயிண்ட் எல்லாவற்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.டி.; பாயிண்டுகள் மேசைக்கு மேலே, தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில். விளக்கை காரின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடவிடுங்கள். நடுவில் ஒரே விளக்கு என்றால் பானெட்டைத் திறந்ததும் இன்ஜின் இருட்டாகிவிடும்.

கேள்வி: அதே இடத்தில் மரவேலையும் செய்யலாமா?

நடுவே தடுப்புச் சுவர் இருந்தால். மரத்தூளையும் கிரைண்டர் பொறியையும் ஒரே அறையில் சேர்க்காதீர்கள். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போதே சூடாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேறாமல், தீப்பொறி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போடுங்கள்.

கேள்வி: காருக்கு நானே பெயிண்ட் அடிக்கலாமா?

ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் 2கே பெயிண்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. ஃபில்டர் முகமூடியை நம்பி அடிக்காதீர்கள், வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாவிட்டால் ஐசோசயனேட் இல்லாத ப்ரைமரோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைப் பெயிண்ட் பட்டறைக்கு விடுங்கள்.

கேள்வி: பழைய கண்டெய்னர் வாங்கி கராஜாக்கலாமா?

உள் அகலம் 2.35 மீட்டர்தான். பீட்டிலை நடுவில் நிறுத்தினாலே பக்கத்துக்கு 40 செ.மீ. மிஞ்சும், கதவைத் திறந்து இறங்க முடியாது. உதிரி பாகம் வைக்கலாம், வெப்பத் தடுப்பு போட்டு.

கேள்வி: தரையில் டைல்ஸா, பெயிண்டா?

தரை பெயிண்ட் பற்றி இது மூன்றாவது கேள்வி. மேலே சொன்ன பிளாஸ்டிக் தாள் சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.

கேள்வி: வெல்டிங் செய்யுமுன் தகட்டை பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்தால் நன்றாகப் பிடிக்குமா?

நல்லவேளை, செய்வதற்குமுன் கேட்டீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வெல்டிங் வெப்பத்தில் ஃபாஸ்ஜீனாக மாறும். நுரையீரலைக் கெடுக்கும் நச்சு வாயு அது. முழு பாதிப்பும் தெரியச் சில மணி நேரம் ஆகலாம். டப்பாவின் பின்னால் டெட்ராகுளோரோ எத்திலீன் அல்லது பெர்குளோரோ எத்திலீன் என்று இருந்தால் வெல்டிங் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அசிட்டோனில் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, நனைந்த துணியையும் டப்பாவையும் வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு அப்புறம் பற்றவையுங்கள்.