தலைப்புக்குக் கீழே கோடு போட்டிருக்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. சின்ன வகுப்புகளில் நன்றாகப் படித்தவன். இரண்டு வருடமாகப் புத்தகத்தைப் பார்த்தாலே முகம் சுருங்கிவிடுகிறது. திட்டினோம், டியூஷன் வைத்தோம், நல்ல மார்க் எடுத்தால் புது போன் என்றும் சொல்லிப் பார்த்தோம். பக்கத்து வீட்டுப் பையன் தானாக உட்கார்ந்து படிக்கிறான். இவன் கணக்கு நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் தேதி எழுதி, தலைப்பு எழுதி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறான். கீழே வெறும் தாள். இந்தச் சோம்பேறித்தனத்துக்கு என்ன வழி?

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் திட்டியது இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையன் இருக்கிறான். உங்கள் மகன் வாய் திறந்து சொன்ன ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

அந்த நோட்டுக்கு வருவோம். படிப்பே வேண்டாம் என்று இருப்பவன் தலைப்புக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடுவானா? ஒவ்வொரு நாளும் இன்றைக்காவது எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறான். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறான். கணக்கில் இது அடிக்கடி நடக்கும். பின்னங்களைக் கூட்டவே தடுமாறுகிற பிள்ளைக்கு, எண் இருந்த இடத்தில் எழுத்து வந்து உட்கார்ந்ததும் கரும்பலகையே அந்நியமாகிவிடும். 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்ல 15 வயதில் வெட்கம். 'பிடிக்கவில்லை' என்று சொல்லிவிடலாம். நாமும் அதை நம்பி, சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

ஒரு கணக்கைக் கொடுங்கள். விடை வேண்டாம், எப்படிப் போடுகிறான் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். திக்குகிற இடத்தில் ஒரு வகுப்பு கீழே இறங்குங்கள். அங்கும் திக்கினால் இன்னொன்று. ஆறாம் வகுப்புப் புத்தகம் வரை போனாலும் பரவாயில்லை, 'இதுகூடத் தெரியாதா?' என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயில் வரக் கூடாது. டியூஷனில் இன்றைய பாடத்தையே இரண்டாம் முறை நடத்தினால், நூல் அறுந்த இடம் அப்படியேதான் கிடக்கும்.

போன் ஆசை காட்டுவதை நிறுத்துங்கள். 1971-ல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் புதிர்கள் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு, விடுவித்த புதிருக்குப் பணம் தந்தார். பணம் நின்றதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரைத் தொடுவது முன்பிருந்ததைவிடக் குறைந்துபோனது. ஆசையாகச் செய்த காரியத்துக்கே இந்தக் கதி.

அப்புறம், தூக்கம். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகும், இரவில் சீக்கிரம் தூக்கம் வராது. ஆனால் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியலுக்கு முன் எழுப்பி உட்கார வைப்பதால் பலன் இல்லை. படிப்போடு விளையாட்டு, நண்பர்கள், சாப்பாடு என்று எல்லாவற்றிலும் நாட்டம் விட்டுப்போய், அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இன்று இரவு அந்த நோட்டை எடுத்து, வெறுமையாக விட்ட முதல் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "இந்த இடத்தில் என்னப்பா ஆச்சு?" பதில் வர நேரமாகும். எழுந்து போய்விடாதீர்கள்.