கடலுக்குள் நீளும் மணல் முனை எப்படி உருவாகிறது?

ஒரு பக்கம் கரையோடு ஒட்டியிருக்க, மறுபக்கம் கடலுக்குள் நீளும் மணல் மேடுதான் மணல் முனை. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போனவர்கள் அப்படியொன்றைப் பார்த்திருப்பார்கள்.

அலை கரையில் சாய்வாக ஏறி, நேராக இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்கிறது. கரை திரும்பும் இடத்தில் நீரின் வேகம் குறைய, மணல் அங்கேயே படிகிறது. திண்ணையைச் சாய்வாகப் பெருக்கினால் மண் ஓரத்தில் குவிவது போலத்தான்.

அந்த மணலைப் பிடித்து வைப்பவை ராவணன் மீசை என்ற கடற்கரைப் புல்லும் அடப்பங்கொடியும். கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும். பறக்கும் மணல் அவற்றில் சிக்கி மேடாகும். மழைநீர் மணலுக்குள் தங்குவதால், இருபுறமும் கடல் இருந்தும் தனுஷ்கோடி மீனவர்கள் ஊற்று தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வியப்பு. தயவுசெய்து அந்தக் கொடிகள் மேல் வண்டி ஏற்றாதீர்கள்.

கல் கொட்டினால் முனை பிழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கரைக்குக் குறுக்கே கல்லை நீட்டினால் மணல் வரத்து தடைபட்டு, அதற்கு அப்பாலுள்ள முனை மெலிந்துதான் போகும்.