முதுகில் நெட்டி எடுத்தால் கோல்ஃப் ஸ்விங் சரியாகிவிடுமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 52, வலது கைக்காரர், நாலு வருடமாக ஞாயிறுதோறும் கோல்ஃப். "ஒன்பதாவது ஹோல் (பாதி ஆட்டம்) தாண்டியதும் கீழ்முதுகில் வலது பக்கம் பிடித்துக்கொள்கிறது. மறுநாள் காரை விட்டு இறங்கவே கஷ்டம். நண்பர் சொன்னார் என்று கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பைக் கையால் அழுத்தி நெட்டி எடுப்பவர்) இரண்டு முறை போனேன். அன்றைக்கு ஸ்விங் (மட்டையை வீசி அடிப்பது) அருமையாக வந்தது, மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. தொடர்ந்து போகலாமா, இல்லை வீண் செலவா?"

வீண் செலவு இல்லை சார். ஆனால் அதை மட்டும் நம்பிப் போனால் மாதாமாதம் போய்க்கொண்டேதான் இருப்பீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட், உங்களுடையதைப் போன்ற முதுகுகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன்.

முதலில், நெட்டி எடுக்கும்போது வரும் அந்த 'டக்' சத்தம். எலும்பு விலகியிருந்தது, திரும்ப உட்கார்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அது அப்படி இல்லை. மூட்டைச் சட்டென்று இழுக்கும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக்குமிழி உண்டாகிறது, விரலில் நெட்டி முறிக்கும்போது வருவதும் இதே சத்தம்தான். சுற்றியுள்ள தசை கொஞ்சம் இளகும், வலி குறையும், திரும்புவது லேசாகும். கீழ்முதுகு வலிக்கு இந்த வைத்தியம் ஓரளவு உதவுகிறது, கிட்டத்தட்ட உடற்பயிற்சி உதவும் அளவுக்கு, என்றுதான் ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. ஆனால் இளகியது இளகியபடியே இருக்காது. அந்த நேரத்தில் உடம்புக்குப் புதிய பழக்கம் எதையும் கொடுக்காவிட்டால் பழைய இறுக்கம் திரும்ப வந்துவிடும், உங்களுக்கு மூன்றாம் நாள் நடந்தது அதுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வலிக்கிற இடம் கீழ்முதுகு, ஆனால் வேலை செய்யாமல் இருப்பது பெரும்பாலும் வேறு இடம். கீழ்முதுகில் இருக்கும் ஐந்து எலும்புகளும் குனிந்து நிமிர்வதற்கு ஏற்றவை, ஐந்தும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்குப் பத்து டிகிரிக்குள்தான் திரும்பும். நல்ல பேக்ஸ்விங்கில், அதாவது அடிப்பதற்கு முன் மட்டையைப் பின்னால் தூக்கும்போது, தோள் 90 டிகிரி வரை திரும்ப வேண்டும். மிச்சத்தை யார் கொடுப்பது? நடுமுதுகும் தொடை இடுப்பில் சேரும் மூட்டும்தான். அவை இரண்டும் இறுகிக் கிடந்தால் கீழ்முதுகு தன் சக்திக்கு மீறித் திரும்பப் பார்க்கும், அதுவும் பந்தை அடிக்கிற நொடியில் உடம்பு வலப்பக்கம் சாய்ந்துகொண்டே திரும்புகிறபோது. அந்த நேரத்தில் கீழ்முதுகின் மேல் உடல் எடையைப் போல எட்டு மடங்கு வரை பாரம் விழுவதாக அளந்திருக்கிறார்கள். வலது கைக்காரர்களுக்கு வலி வலது பக்கமே வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். முழங்காலுக்குக் கீழே காலைத் தொங்கவிட்டு உயரமான மேஜையில் உட்காருங்கள். தொடை அசையாமல், பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாக ஆட்டுங்கள், முதலில் வலது, அப்புறம் இடது. இடது பாதம் வலதை விடக் குறைவாகப் போகிறதா, புட்டம் மேஜையை விட்டு எழும்பப் பார்க்கிறதா? அப்படியானால் இடது இடுப்பு மூட்டின் உள்சுழற்சி குறைவு (பாதம் வெளியே போகும்போது தொடை இருந்த இடத்திலேயே உள்பக்கம் சுழல்கிறது, அதுதான் உள்சுழற்சி). பந்தை அடித்து முடிக்கும்போது ஊன்றிய இடது காலின் மேல்தான் உங்கள் இடுப்பு முழுவதும் திரும்புகிறது, அங்கே வழி இல்லை என்றால் முதுகுதான் மாட்டிக்கொள்ளும். "நான் சம்மணம் போட்டு நன்றாக உட்காருவேனே" என்று கிளினிக்கில் பலர் ஆச்சரியப்படுவார்கள். சம்மணத்துக்கு வேண்டியது வெளிச்சுழற்சி, இது அதற்கு நேர் எதிர்.

செய்ய வேண்டியது இரண்டே பயிற்சிகள், தினமும், காலையில் பல் தேய்த்த கையோடு. ஒன்று, வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேல் கையைப் புத்தகம் திறப்பதுபோல் மெதுவாகப் பின்னால் விரியுங்கள். முழங்கால் பிரியக்கூடாது, பிரிந்தால் திரும்புவது நடுமுதுகு அல்ல. மூச்சை விட்டுக்கொண்டே பத்து முறை, பிறகு மறுபக்கம். இரண்டாவது, தரையில் உட்கார்ந்து கைகளைப் பின்னால் ஊன்றி, பாதங்களை அகலமாக வைத்து, முழங்கால்கள் இரண்டையும் சேர்த்து இடமும் வலமுமாகச் சாயுங்கள். கைரோபிராக்டரிடம் போய்வந்த அன்று மாலையும் இவற்றைச் செய்யுங்கள், இளகியிருக்கும்போது செய்தால் பலன் கூடுதல்.

அதோடு, பந்தை அடிக்க நிற்கும்போது இடது பாதத்தை இலக்கை நோக்கி 20, 30 டிகிரி திருப்பி வையுங்கள். இடுப்பு மூட்டுக்கு அது உடனே இடம் கொடுக்கும்.

சில சமயம் நெட்டி எடுக்கவே கூடாது. கால் மரத்துப்போவது அல்லது பலமிழப்பது, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாதது, மர்ம உறுப்பைச் சுற்றி உணர்வு குறைவது என்றால் அன்றே மருத்துவமனை. படுத்தாலும் விடாத இரவு வலி, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகியிருப்பவர்களும் (ஆஸ்டியோபோரோசிஸ்) இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இதற்குப் போகும் முன் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். கழுத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், சலூனில் முடி வெட்டிய பிறகு தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்புகிறார்களே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அபூர்வமாகத்தான் என்றாலும், கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிரபல கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் 2017 ஏப்ரலில் முதுகெலும்பை இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு 2019இல் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியில் ஜெயித்தாரே என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள். அவர் அதற்கு முன்பே முதுகில் மூன்று அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வரும் ஞாயிறு ஆடலாமா? முழு ஆட்டம் வேண்டாம். பட்டிங்கும் (குழிக்குள் பந்தை உருட்டுவது) சிப்பிங்கும் (கிட்டத்திலிருந்து மெதுவாகத் தூக்கி அடிப்பது) மட்டும். அடுத்த வாரம் வலி இல்லை என்றால் ஷார்ட் ஐயன் (குறைந்த தூரத்துக்கான மட்டை), பாதி ஸ்விங். அதிக தூரம் அடிக்கும் நீள மட்டையான டிரைவரைக் கடைசியில் எடுங்கள். தொடங்குமுன் பத்து நிமிடம் நடந்து, கை கால் உதறி உடம்பைச் சூடாக்குங்கள். பையைத் தோளில் மாட்டாமல் டிராலியில் தள்ளுங்கள். குழியிலிருந்து பந்தை எடுக்கும்போது பட்டரை (பட்டிங் மட்டையை) ஊன்றி, ஒரு காலைப் பின்னால் தூக்கிக் குனியுங்கள். நாலு வாரம் இப்படிச் செய்து அந்த மேஜைச் சோதனையைத் திரும்பப் பாருங்கள், வலி அப்போதும் குறையவில்லை என்றால் நேரில் வந்து காட்டுங்கள்.