புழு தின்ற கப்பல்கள்

கே: படங்களில் கொலம்பஸின் கப்பல் மாடி மாடியாக, பீரங்கிகளோடு இருக்கிறதே?

அது பெரும்பாலும் காலியன், பிற்பாடு வந்த வகை. 1492 ஆகஸ்ட் 3 அன்று ஸ்பெயினின் பாலோஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பியவற்றில் சாந்தா மரியா 'நாவோ' எனப்படும் அகன்ற சரக்குக் கப்பல். பின்தாவும் நீனாவும் அதைவிடச் சிறிய, 'கரவேல்' எனப்படும் பாய்மரக் கப்பல்கள். மூன்றிலும் சேர்த்தே ஏறத்தாழ 90 பேர்தான். எதற்கும் அந்தக் காலத்து வரைபடம் கிடையாது. இன்று காட்சிக்கு நிற்கும் மாதிரிகள் எல்லாம் யூகமே.

கே: பெரிய கப்பல்தானே பத்திரம்?

தெரியாத கரையில் இல்லை. சாந்தா மரியா 1492 கிறிஸ்துமஸ் இரவில் இன்றைய ஹைட்டிக் கரையோரம் தரைதட்டியது. அதன் மரத்தைப் பிரித்து ஒரு கோட்டை கட்டி, 39 பேரை அங்கேயே விட்டுவிட்டு, கொலம்பஸ் ஊர் திரும்பியது நீனாவில். வழியில் கடும் புயல், தாங்கியது. என் ஓட்டு நீனாவுக்குத்தான்.

கே: 'இத்தனை டன்' என்றால் கப்பலின் எடையா?

இல்லை, கொள்ளளவு. எத்தனை பெரிய ஒயின் பீப்பாய்களை ஏற்றலாம் என்பதே கணக்கு.

கே: இந்தக் கப்பல்களுக்குப் பெரிய எதிரி புயலா?

கப்பல் புழு. பார்த்தால் புழு, உண்மையில் சிப்பி இனம். வெப்பக் கடலில் அடிப்பலகைக்குள் புகுந்து சல்லடையாக்கிவிடும். கரையில் கப்பலைச் சாய்த்து, அடியைச் சுரண்டி, கீல் (தார்) பூசிக்கொண்டே இருக்க வேண்டும். கொலம்பஸின் நான்காம் பயணத்தில் நான்கு கப்பல்கள் போயின. இரண்டை வழியிலேயே கைவிட்டார்கள். மிஞ்சிய இரண்டிலும் இரவு பகலாகத் தண்ணீர் இறைத்தும் சமாளிக்க முடியாமல், 1503 ஜூனில் ஜமைக்கா கரையில் ஏற்றி நிறுத்தினார்கள். அப்புறம் ஓராண்டு அந்த ஓட்டைக் கப்பல்களே வீடு. உதவி கேட்டு கொலம்பஸின் ஆள் டியேகோ மென்டெஸ், இன்றைய ஹைட்டி இருக்கும் ஹிஸ்பனியோலா தீவுக்குப் போனது எதில் தெரியுமா? உள்ளூர் மக்களின் மரத்தோணியில்!

கே: மாலுமிகள் எங்கே தூங்கினார்கள்?

மேல்தட்டில், இடம் கிடைத்த மூலையில். கரீபியத் தீவு மக்கள் பருத்தி வலைத் தூளியில் படுத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் ஐரோப்பியக் கப்பல்களுக்குள் தூளி வந்தது.