டாக்டர் சீட்டுக்கு மனைய விக்கறதுக்கு முன்னாடி அந்த அட்டைப்பெட்டிய ஒரு தடவ பாருங்க

போன வாரம் ராத்திரி பத்தரைக்கு மில்டன் கீன்ஸ்லருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. பையனுக்கு ஏ-லெவல் கடைசி வருஷம், மெடிசினுக்கு யூகாஸ்ல, அதாவது யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்கற தளத்துல, போட்ட நாலு இடமும் இல்லன்னு வந்துருச்சு, வீட்ல யாரும் சரியா சாப்பிடறதில்ல, திருச்சிலருந்து பெரியப்பா தினமும் வாட்ஸ்அப்ல பல்கேரியா காலேஜ் விளம்பரமா அனுப்பறாரு, குராய்டன்ல இருக்கற மாமா "எம்பொண்ணு படிக்கலயா, இவனுக்கு என்ன கேடு"ங்கறாரு. இதுக்கு நடுவுல பையன் பக்கத்து வீட்டு வெள்ளக்கார தாத்தாவோட கராஜ்லயே கெடக்கறான், பழைய ஸ்போர்ட்ஸ் கார எலக்ட்ரிக்கா மாத்தப் போறானாம், "மெக்கானிக் ஆகறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்"னு ஒரே அழுகை.

அவங்க அனுமதியோட, பேரு ஊரு அடையாளம் எல்லாம் கொஞ்சம் மாத்தி, அவங்களுக்கு சொன்னத இங்க எழுதறேன், ஏன்னா இதே மாதிரி போன் மாசத்துக்கு ரெண்டு தடவையாவது எனக்கு வருது.

அக்கா, அன்னிக்கு ராத்திரி "கவலப்படாதீங்க எல்லாம் சரியாயிடும்"னு சொல்லிட்டு வெச்சேன். ஞாயித்துக்கிழம நேர்ல வந்து பையன்கிட்ட ரெண்டு மணி நேரம் பேசினதுக்கப்புறம் அந்த சமாதானத்த வாபஸ் வாங்கிக்கறேன். பல்கேரியா வேணாம். யோசிச்சு சொல்லுங்கன்னு கேட்டீங்கல்ல, யோசிச்சுட்டேன், வேணாம்.

அங்க மெடிசின் ஆறு வருஷம். இங்கிலாந்து ஸ்டூடன்ட் லோன் வெளிநாட்ல போய் படிக்கற முழு டிகிரிக்கு கிடைக்காது, அதாவது ஃபீஸ், வாடகை, பிளைட்டு எல்லாமே உங்க கைக்காசு, அதுக்குத்தான திருவானைக்காவல் மனைய விக்கலாம்னு பெரியப்பா சொல்றாரு, மனை அவரோடது இல்லல்ல? பையனுக்கு பயாலஜில சி எதிர்பார்க்கறாங்க, பிசிக்ஸ்ல ஏ. நான் அவன்கிட்ட நேரா கேட்டேன், ஆஸ்பத்திரில வேல பாக்கணும்னு என்னிக்காவது தோணிருக்கான்னு. "அம்மாவுக்கு புடிக்கும்னு சொன்னேன்"னான். இந்த ஒரு வரிக்கு மேல எனக்கு எதுவும் வேண்டியதில்ல. புடிக்காத படிப்புக்கு மனைய வித்துட்டு நாலாவது வருஷம் திரும்பி வந்த ரெண்டு பசங்கள எனக்குத் தெரியும், அதுல ஒருத்தன் இன்னிக்கும் அப்பாகிட்ட பேசறதில்ல.

கம்ப்யூட்டர் சயின்ஸ், பார்மசி, அக்கவுண்டன்சி எல்லாம் நான் இங்க எழுதல. அதப்பத்தி சொல்ல உங்க குடும்ப குரூப்லயே இருபது பேர் இருக்காங்க. யாருக்கும் தெரியாத ஒண்ண மட்டும் நான் சொல்றேன்.

மொதல்ல அந்த கராஜ்ல நான் என்ன பாத்தேன்னு சொல்றேன், ஏன்னா நீங்க அத குப்பைன்னீங்க. அங்க நிக்கறது ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1962-லருந்து 1980 வரைக்கும் வந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். மாமனார் மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெச்சிருந்தார்னு சொன்னீங்கல்ல, அந்த ஹெரால்டோட சேஸியதான், அதாவது அடிச்சட்டத்ததான், குட்டையாக்கி ஸ்பிட்ஃபயர் பண்ணாங்க, ரெண்டையும் வரைஞ்சவர் ஒரே ஆளு, இத்தாலிக்காரர் மிக்கலோட்டி. பையனுக்கு இது தெரிஞ்சிருக்கு. "தாத்தா காரோட தம்பி சார் இது"ன்னான். எனக்கு அந்த எடத்துலயே பாதி முடிவு ஆயிடுச்சு.

என்ஜின வெளிய எடுத்து வெச்சிருக்காங்க. ஸ்பிட்ஃபயர்ல பானெட் மொத்தமா முன்பக்கமா கவுந்துடும், அதனால உள்ள நின்னு வேல பாக்கலாம். அந்த காலி எடத்துல நீங்க திட்டிட்டிருந்த அட்டைப்பெட்டிங்க இருக்கு. அது சும்மா பெட்டி இல்லக்கா. டெஸ்லா மாடல் எஸ் பேட்டரிய பிரிச்சா பதினாறு மாட்யூல், அதாவது தனித்தனி பேட்டரி கட்டு, வரும், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 68 செமீ நீளம், 30 செமீ அகலம், 8 செமீ உயரம், 25 கிலோ எடை. அந்த அளவுக்கு உங்க பார்சல் பெட்டிய வெட்டி, டேப் ஒட்டி, ஒவ்வொண்ணு மேலயும் மார்க்கர்ல எடை எழுதி எது எங்க உக்காரும்னு வெச்சு பாத்துட்டிருக்கான். அஞ்சு மாட்யூல் சீரிஸ்ல, ஒண்ணுக்கு பின்னால ஒண்ணா கோத்து போட்டா 114 வோல்ட், பேட்டரில தேங்கற கரன்ட் 26 கிலோவாட்-ஹவருக்கு கொஞ்சம் மேல, இவ்ளோ லேசான காருக்கு எண்பது நூறு மைல் ஓட அது போதும்னு கணக்கு போட்டு வெச்சிருக்கான். எல்லாத்தையும் டிக்கில வெச்சா ஈசியாச்சேன்னு நான் சும்மா கேட்டு வெச்சேன். சிரிச்சான். பழைய ஸ்பிட்ஃபயர்ல பின்னாடி ஸ்விங் ஆக்சில், வளைவுல வேகமா போனா சக்கரம் உள்பக்கமா மடங்கற கெட்ட பழக்கம் அதுக்கு ஏற்கனவே உண்டு, அதுல கொண்டுபோய் நூறு கிலோவுக்கு மேல வெச்சா கார் நம்மள பள்ளத்துல எறக்கிடும் சார்னான். பதினேழு வயசு. எந்த சிலபஸ்லயும் இல்லாத விஷயம்.

அப்புறம் கவர் பின்னாடி ஒரு படம் போட்டு காட்டினான். பேட்டரிக்கும், அதோட கரன்ட்ட மோட்டாருக்கு ஏத்தமாதிரி மாத்தற இன்வெர்ட்டருக்கும் நடுவுல கான்டாக்டர்னு ஒரு பெரிய சுவிட்ச், அத நேரா போட்டா இன்வெர்ட்டர்ல இருக்கற கெப்பாசிட்டர் காலியா இருக்கறதால ஒரே இழுப்பா கரன்ட்ட இழுத்து சுவிட்ச் முனைய பத்தவெச்சு ஒட்டிடும், அப்பறம் ஆஃப் பண்ணாலும் ஆஃப் ஆகாது, அதனால மொதல்ல ஒரு ரெசிஸ்டர் வழியா மெதுவா நிரப்பிட்டுதான் பெரிய சுவிட்ச போடணும், அதுக்கு பேரு ப்ரீசார்ஜ். உங்க பையன் பிசிக்ஸ்ல ஏன் ஏ வாங்கறான்னு இப்ப புரியுதா?

சரி, இது ஒரு தொழிலா? தொழில்தான், சின்ன தொழில், ஆனா நெசமான தொழில். 2017-ல ஜாகுவாரே ஒரு பழைய ஈ-டைப்ப எலக்ட்ரிக்கா மாத்தி ஈ-டைப் ஜீரோன்னு காட்டினாங்க, 40 கிலோவாட்-ஹவர் பேட்டரி, பழைய ஆறு சிலிண்டர் என்ஜின் இருந்த அதே எடத்துல உக்காந்துச்சு, கார் ஒரிஜினல விட 46 கிலோ எடை கொறஞ்சுது, 2018 மே மாசம் இளவரசர் ஹாரி கல்யாணத்தன்னிக்கு சாயங்காலம் ஓட்டிட்டு போனது அதுதான், எல்லாரும் டிவில பாத்திருப்பீங்க. அதே வருஷம் டிசம்பர்ல ஆஸ்டன் மார்ட்டின் 1970 டிபி6-க்கு ஒண்ணு பண்ணாங்க, அவங்க யோசனை இன்னும் புத்திசாலித்தனம், பழைய என்ஜினும் கியர்பாக்சும் நின்ன அதே போல்ட்டுலயே பேட்டரி பெட்டி மாட்டிக்கும், நாளைக்கு வேணாம்னா கழட்டிட்டு பழையபடி என்ஜின வெச்சுக்கலாம். வேல்ஸ்ல நியூடவுன்ல எலக்ட்ரிக் கிளாசிக் கார்ஸ், ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் எலக்ட்ரோஜெனிக், எவராட்டின்னு இதையே பொழப்பா பண்றவங்க இருக்காங்க. உங்க வீட்லருந்து முக்கால் மணி நேர டிரைவ்ல பிஸ்டர் ஹெரிடேஜ், பழைய விமானப்படை தளம், இப்ப உள்ள பூரா பழைய கார் சம்பந்தப்பட்ட சின்ன சின்ன கம்பெனிங்க. ஹெரிடேஜ் ஸ்கில்ஸ் அகாடமி அங்கதான் இருக்கு. பழைய கார மீட்டெடுக்கற வேலைக்கு அப்ரெண்டிஸ்ஷிப், அதாவது சம்பளத்தோட தொழில் பயிற்சி, நடத்தறாங்க, லெவல் 3, ஏ-லெவலுக்கு சமம்.

அது எப்படின்னா, மொதல்ல ஏதாவது ஒரு பட்டறை உங்க பையன வேலைக்கு எடுக்கணும், சம்பளம் அவங்கதான் குடுப்பாங்க, நடுநடுவுல அகாடமிக்கு போய் படிச்சுட்டு வரணும். பயிற்சிக்கு நீங்க ஒரு பவுண்ட் கட்ட வேண்டியதில்ல. சம்பளம் ஆரம்பத்துல கம்மிதான், மறைக்கல, 2025 ஏப்ரல்ல அப்ரெண்டிஸ் குறைந்தபட்ச கூலி மணிக்கு 7.55 பவுண்டா இருந்துச்சு, மொதல் வருஷம் முடிஞ்சு பத்தொம்பது வயசும் ஆயிட்டா அந்த வயசுக்கான சாதாரண குறைந்தபட்ச கூலி வந்துரும். இங்கயே யூனிவர்சிட்டி போனா 2025-26 கணக்குக்கு வருஷம் 9,535 பவுண்ட் ஃபீஸ் மட்டும், லோன் எடுத்தா வருஷ சம்பளம் 25,000-க்கு மேல போற பணத்துல ஒம்பது சதவீதம் நாப்பது வருஷம் வரைக்கும் புடிப்பாங்க. டிகிரி வேணாம்னு சொல்ல வரல, மூணு வருஷம் கழிச்சு அவனுக்கே தோணினா போகட்டும், அப்போ எதுக்கு போறோம்னு தெரிஞ்சு போவான்.

பழைய கார் வேலையோட கூடவே ஐஎம்ஐ-ங்கற மோட்டார் தொழில் அமைப்போட எலக்ட்ரிக் வண்டி சர்டிபிகேட் எடுக்கணும், இதுல நான் கறார். வண்டில 60 வோல்ட் டிசிக்கு மேல போனாலே ஹை வோல்டேஜ்னுதான் கணக்கு, இவன் போட்டிருக்கறது 114. இந்த சர்டிபிகேட்ல லெவல் 2 சாதாரண பராமரிப்பு, லெவல் 3 பார்ட்ஸ கழட்டி மாத்தறது, லெவல் 4 உள்ள கை வெச்சு கோளாறு கண்டுபுடிக்கறது. லெவல் 3 கைல வர்ற வரைக்கும் அந்த கராஜ்ல அட்டைப்பெட்டி மட்டும்தான், நெஜ பேட்டரி உள்ள வரக்கூடாதுன்னு அவன்கிட்டயும் பக்கத்து வீட்டு தாத்தாகிட்டயும் சொல்லிட்டுதான் வந்தேன். மூஞ்சி தொங்கிருச்சு, பரவால்ல.

என்ஜின் போனா கூட என்னென்ன போகும்னு யாரும் யோசிக்கறதில்ல, அங்கதான் இந்த வேலைல மூளை இருக்கு. பிரேக் மிதிக்கற பலத்த கூட்டற சர்வோ இருக்கற கார்ல அது என்ஜின் இழுக்கற வேக்கும்லதான் ஓடும், அதுக்கு தனியா எலக்ட்ரிக் பம்ப் வைக்கணும். ஹீட்டர் என்ஜின் சுடுதண்ணில ஓடினது, அதுக்கு வேற வழி பாக்கணும். ஆர்பிஎம் முள்ளு இக்னிஷன் துடிப்ப நம்பி ஆடினது, அதுக்கு ஒரு பொய் சிக்னல் குடுத்து ஏமாத்தணும். 1967-க்கு முந்தின எம்ஜிபிங்கற ஸ்போர்ட்ஸ் கார்ல எர்த் பாசிட்டிவ், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் பக்கம்தான் பாடியோட சேந்திருக்கும், அது தெரியாம புது டிசி கன்வெர்ட்டர மாட்டினா மொதல் நாளே புகை. மோட்டாருக்கும் பழைய கியர்பாக்சுக்கும் நடுவுல வர்ற அடாப்டர் பிளேட் மில்லிமீட்டர்ல ஒரு துளி நகர்ந்தாலும் பேரிங் போயிடும். லேத்து, வெல்டிங், வயரிங், கொஞ்சம் சாஃப்ட்வேர், கொஞ்சம் பிசிக்ஸ் எல்லாம் ஒரே ஆளுக்கு தெரியணும், அப்படி ஆளு கெடைக்கறதில்லன்னுதான் பட்டறைக்காரங்க பொலம்பறாங்க.

இப்ப எதிர்ப்பக்கம். இந்த மாத்தத்த வெறுக்கறவங்க நெறைய, பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பு ஃபிவாவே எலக்ட்ரிக்கா மாத்தினா அது வரலாற்று வாகனம் இல்லன்னு சொல்லுது, மாத்தறதா இருந்தா கழட்டின பாகத்தையெல்லாம் பத்திரமா வைங்கங்குது. எனக்கும் நல்லா ஓடற என்ஜின தூக்கி எறியறது புடிக்காது, தாத்தாவோட என்ஜின் பிளாக்கு வெடிச்சது, அது வேற கதை. கார இப்படி மாத்திக்கறவங்க பெரும்பாலும் பணக்காரங்க, பொருளாதாரம் தும்மினா மொதல்ல நிக்கற ஆர்டர் இதுதான், அதனால பட்டறைங்க மூடறதும் உண்டு. ஆனா தெரிஞ்சுகிட்ட வேல மூடிப் போகாதுல்ல? 2030-க்கப்புறம் புது பெட்ரோல் கார் இங்க விக்க முடியாது, ஹைப்ரிட்டுக்கு மட்டும் 2035 வரைக்கும் டைம், அப்போ ஹை வோல்டேஜ் சர்டிபிகேட்டும் பத்து விரலும் இருக்கற பையன் எந்த ஷோரூம் சர்வீஸ்லயும் நுழைஞ்சுக்கலாம். ரிஜிஸ்ட்ரேஷன் தொல்லையும் கொறஞ்சிருக்கு, முன்னாடி வண்டிய பதிவு பண்ற அரசு ஆபீஸ் டிவிஎல்ஏ சேஸிக்கு அஞ்சு, ஸ்டியரிங்குக்கு ரெண்டு, என்ஜினுக்கு ஒண்ணுன்னு ஒவ்வொரு பழைய பாகத்துக்கும் பாயின்ட் போட்டு எட்டு வந்தாதான் பழைய நம்பர் குடுப்பாங்க, 2025 ஆகஸ்ட்ல அத தளர்த்தி எலக்ட்ரிக்கா மாத்தின காரும் பழைய நம்பரோடயே இருக்கலாம்னு ஆக்கிட்டாங்க, தகவல் மட்டும் சொல்லணும்.

எந்த பட்டறைன்னு பாத்து சேருங்க, இது என் சூடு. சில வருஷம் முன்னாடி ஒரு பையன ஒரு எடத்துல சேத்து விட்டேன், பேர் வேணாம். மூணு மாசம் தரை கூட்ட விட்டாங்க, அப்புறம் இன்சுலேட்டட் கிளவுஸ் கூட குடுக்காம ஹை வோல்டேஜ் போற ஆரஞ்சு கேபிள்ல கை வைக்க சொன்னாங்க, கடைசில ஒரு மாச சம்பளத்த குடுக்காமலே மூடிட்டு போயிட்டாங்க. நான் நேர்ல போய் பாக்காம வெப்சைட் போட்டோவ பாத்து அனுப்பினது என் தப்பு. அதனால நீங்க போறப்போ மூணு கேள்வி, அப்ரெண்டிஸ் ஒப்பந்தம் எழுத்துல இருக்கா, அங்க லெவல் 4 முடிச்ச ஆள் யாரு, கரன்ட் இல்லன்னு எப்படி டெஸ்ட் பண்ணி உறுதி பண்றீங்க. மூணாவது கேள்விக்கு சிரிச்சாங்கன்னா கார எடுத்துட்டு வீட்டுக்கு வந்துருங்க.

காசு விஷயத்துல இன்னொண்ணு. டாக்டர் சீட்டு இல்லன்னு ஆனதும் அப்பா பாசத்துல "சரிடா நானே ஒரு எம்ஜிபி வாங்கி, எலக்ட்ரிக்கா மாத்தற கிட்டும் வாங்கித் தரேன்"னு கெளம்புவாரு, பட்டறைல ஒரு கார முழுசா மாத்தவே பத்தாயிரக்கணக்குல பவுண்ட் ஆகும், அந்த பக்கமே போகாதீங்க. மனைய டாக்டருக்கும் விக்க வேணாம், காருக்கும் விக்க வேணாம். ஏ-லெவல் பரீட்சைய ஒழுங்கா எழுதி முடிக்கட்டும், மேத்சும் பிசிக்சும் அவனுக்கு இங்கதான் சோறு போடும். பரீட்சை முடிஞ்சதும் ஆறு சனிக்கிழம பிஸ்டர் பக்கம் ஏதாவது ஒரு பட்டறைல சும்மா நிக்கட்டும், சம்பளம் கேக்காம, டீ போட்டுக் குடுத்துட்டு. ஆறாவது சனிக்கிழமயும் காலைல நீங்க எழுப்பாம எந்திரிக்கறானான்னு பாருங்க. எந்திரிக்கலன்னா என்கிட்ட வாங்க, வேற பேசலாம்.

பெரியப்பாகிட்ட நான் பேசறேன், நம்பர் அனுப்புங்க. மாமாகிட்ட நீங்கதான் பேசணும்.

அப்புறம் அந்த பெட்டிங்க. வீட்ட அடைக்குதுன்னு செவ்வாய்க்கிழம ரீசைக்கிளிங்ல போடப் போறேன்னீங்க. போடாதீங்க. பக்கத்துல ஒரு ஸ்கேல வெச்சு, எடை எழுதின பக்கம் தெரியற மாதிரி, அஞ்சு பெட்டியும் கார்க்குள்ள இருக்கறப்போ நாலு பக்கமும் போட்டோ எடுக்க சொல்லுங்க. பட்டறைக்காரர் என்ன தெரியும்னு கேட்டா அவன் காட்ட வேண்டியது அதுதான்.